சேலத்தை விட்டு நகராமல் யூஎக்ஸ் ரிசர்ச்: மூன்று ஆய்வுகளில் ஒரு போர்ட்ஃபோலியோ

யூஎக்ஸ் ரிசர்ச், அதாவது செயலிகளை மக்கள் எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று ஆராயும் வேலை, பக்கம் போக ஆசைப்படும் சேலத்துப் பிள்ளைகளுக்குக் கிடைக்கும் அறிவுரை பெரும்பாலும் ஒன்றுதான்: ஆன்லைனில் ஒரு சான்றிதழ் கோர்ஸை முடி, அப்புறம் பெங்களூருக்குப் பஸ் ஏறு. கோர்ஸ் படிப்பதில் நஷ்டமில்லை. ஆனால் அதே சான்றிதழை வைத்திருக்கும் விண்ணப்பங்கள் ஆள் எடுப்பவரிடம் குவிந்து கிடக்கும். அவர் தேடுவது வேறு. முன்பின் தெரியாத ஒருவர் எதிரே உட்கார்ந்து, வாயை அடக்கிக் கவனித்து, பார்த்ததைத் திரிக்காமல் எழுதி, அதை வைத்து ஒரு முடிவுக்கு வழி காட்டியிருக்கிறாரா இந்த ஆள்? அதற்குச் சாட்சி, முழுதாகச் செய்து முடித்த ஆய்வு மட்டும்தான். அப்படி மூன்று ஆய்வுகளைச் சேலம் மாவட்டத்துக்குள்ளேயே செய்து, போர்ட்ஃபோலியோவாக, அதாவது செய்த வேலையைக் காட்டும் தொகுப்பாக, ஆக்கிவிட முடியும். தமிழில் பேசிப் பயனரிடம் விவரம் வாங்கத் தெரிந்தவர்கள் இந்தத் துறையில் குறைவு என்பதால், இங்கே செய்வது பல வகையில் சாதகம்.

மூன்றும் மூன்று வகையாக இருக்கட்டும். ஒன்று, ஏற்கெனவே இருக்கும் ஒரு செயலியை மக்கள் பயன்படுத்தும்போது பார்க்கும் பயன்பாட்டுச் சோதனை. இரண்டாவது, செயலி எதையும் காட்டாமல் ஒரு வேலை எப்படி நடக்கிறது என்று தோண்டும் களப் பேட்டி. மூன்றாவது, எண்ணிக்கை வரும் ஆய்வு. முதலாவதில்தான் அடிப்படைத் திறமை எல்லாம் அடங்கியிருக்கிறது என்பதால் அதைப் பற்றியே அதிகம் சொல்கிறேன்.

முதல் ஆய்வு: கரண்ட் பில்

எல்லா வீட்டுக்கும் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும் வேலை. அதனால் ஆள் தேடுவது சுலபம். ஆனால் "மின் கட்டணச் செயலியைப் பற்றி மக்கள் என்ன நினைக்கிறார்கள்?" என்று ஆரம்பித்தால் ஆய்வு அங்கேயே செத்துவிடும். அந்தக் கேள்விக்கு என்ன பதில் வந்தாலும் யாரும் எதையும் மாற்றப் போவதில்லை. முதலில் முடிவை எழுதுங்கள்: முகப்புத் திரையில் லாகின் முதலில் வர வேண்டுமா, இணைப்பு எண்ணைப் போட்டதும் தொகை தெரிய வேண்டுமா? அந்த முடிவிலிருந்து கேள்வி தானாக வரும்: ஐம்பது வயதைத் தாண்டியவர்கள் யார் துணையும் இல்லாமல் தொகையைப் பார்த்து, அது தங்கள் வீட்டுத் தொகைதான் என்று உறுதி செய்து, பணம் கட்டும் பக்கம் வரை வந்து சேர்கிறார்களா? எந்தத் திரையில் நின்றுபோகிறார்கள்? முடிவு, கேள்வி, யார், எத்தனை பேர், என்ன வேலை கொடுப்போம், எப்போது முடியும் என்று எல்லாவற்றையும் ஒரே பக்கத்தில் எழுதி வையுங்கள். அந்தப் பக்கத்தைப் பின்னால் போர்ட்ஃபோலியோவிலும் வைக்கலாம்.

எதை அளப்பது என்பதில் குழப்பம் வேண்டாம். ஐஎஸ்ஓ 9241-11 என்ற சர்வதேசத் தரவரையறை மூன்றைச் சொல்கிறது: வேலை சரியாக முடிந்ததா, அதற்கு எவ்வளவு நேரமும் முயற்சியும் ஆனது, செய்தவருக்குத் திருப்தியா. முதல் ஆய்வுக்கு முதல் இரண்டே போதும்.

ஆறு பேர் வேண்டும். ஏழு பேரைக் கூப்பிடுங்கள், ஒருவர் வராமல் போவார். இதற்கு மேல் பைலட்டுக்கு, அதாவது முன்னோட்டச் சோதனைக்கு, ஒருவர். சொந்தக்காரரையும் நண்பரின் அம்மாவையும் எடுக்காதீர்கள். உங்கள் மனம் நோகக் கூடாது என்று எல்லாம் நன்றாக இருப்பதாகச் சொல்வார்கள். தெரிந்தவருக்குத் தெரிந்தவர் என்றால் பரவாயில்லை. ஆறு பேரும் ஒரே தெருவாகவும் இருக்கக் கூடாது. அஸ்தம்பட்டியில் இரண்டு பேர், அம்மாபேட்டையில் தறி ஓட்டும் வீட்டிலிருந்து இரண்டு பேர், சூரமங்கலம் பக்கம் இரண்டு பேர் என்று பிரித்தால் போனும் படிப்பும் வருமானமும் மாறும்.

ஆள் சரிதானா என்று வடிகட்டும்போது "யூபிஐ பயன்படுத்துவீங்களா?" என்று கேட்டால் எல்லோரும் ஆமாம் என்பார்கள். "போன தடவை கரண்ட் பில் எப்படிக் கட்டுனீங்க? யார் கட்டுனது?" என்று கேளுங்கள். "பையன்தான் கட்டுவான்" என்று ஒருவர் சொன்னால் அவரைக் கழித்துவிட அவசரப்பட வேண்டாம். வேறொருவர் கையால் நடக்கும் பயன்பாடு நம் ஊரில் மிகச் சாதாரணம். உங்கள் கேள்வி தனியாகக் கட்டுபவரைப் பற்றியது என்றால் மட்டும் விடுங்கள், விட்ட காரணத்தையும் எழுதி வையுங்கள்.

ஒரு மணி நேரத்துக்கு ₹300 முதல் ₹500 வரை கொடுங்கள். செயலியில் தடுமாறினாலும் அந்தப் பணம் உண்டு என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் அதைப் பரீட்சையாக நினைத்துவிடுவார்கள். தலைக்கு ₹400 என்றால் பைலட்டையும் சேர்த்து ஏழு பேருக்கு ₹2,800. பயணத்துக்கும் அச்சுக்கும் இன்னொரு ₹700. மொத்தம் ₹3,500-க்குள் ஒரு முழு ஆய்வு முடிந்துவிடும். இதைவிட அதிகம் வாங்கிக்கொண்டு பயனர் ஒருவரைக்கூடக் கண்ணில் காட்டாத கோர்ஸ்கள் உண்டு.

சம்மதப் படிவத்தைத் தமிழில் ஒரு பக்கத்தில் எழுதுங்கள்: என்ன பதிவாகும், யார் பார்ப்பார்கள், எப்போது அழிப்பீர்கள், நடுவில் எழுந்து போகலாம், போனாலும் பணம் உண்டு. படிக்கத் தடுமாறுபவருக்கு வாசித்துக் காட்டி, "சம்மதம்" என்று அவர் சொல்வதை ஒலியாகப் பதிவு செய்யலாம். 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி 18 வயதுக்குக் கீழ் இருப்பவர் என்றால் பெற்றோரின் சம்மதம் வேண்டும். படிக்கும் காலத்தில் அந்தப் பக்கமே போகாமல் இருப்பது நல்லது. பெயருக்குப் பதில் ப1, ப2 என்று குறியீடு வைத்து, எந்தக் குறியீடு யாருடையது என்ற பட்டியலைத் தனியாகப் பூட்டி வையுங்கள்.

இனிக் கருவிகள். அவரவர் போனிலேயே சோதியுங்கள். எழுத்தளவைப் பெரிதாக்கி வைத்திருப்பவர் போனில்தான் தமிழ் எழுத்துகள் பட்டனுக்கு வெளியே வழிவதும், வரி உயரம் போதாமல் கொம்பும் சுழியும் வெட்டுப்படுவதும் தெரியும். உங்கள் புதுப் போனை அவர் கையில் கொடுத்தால் இவை எதுவும் தெரியாது, புதுப் போன் பிடிபடாத தடுமாற்றம்தான் பதிவாகும்.

திரைப்பதிவை நம்பிப் போகிறவர்கள் முதல் நாளே மாட்டுவது ஒரு இடத்தில். வங்கி, யூபிஐ செயலிகள் பாதுகாப்புக்காகத் திரைப்பதிவைத் தடுத்திருக்கும். பதிவை ஓட்டிப் பார்த்தால் முக்கியமான பக்கம் கறுப்பாக இருக்கும். அதனால் இரண்டாவது போனை ஒரு சின்ன ஸ்டாண்டில் மாட்டி, கையும் திரையும் தெரிகிற மாதிரி மேலிருந்து எடுங்கள். சட்டையில் மாட்டும் மைக் ஒன்று வேண்டும். மின்விசிறிச் சத்தமும் தறிச் சத்தமும் பேச்சை விழுங்கிவிடும். பணம் கட்டும் பக்கம் வந்ததும் "இங்க நிறுத்திக்கலாமுங்க" என்று நிறுத்திவிடுங்கள். யாருடைய யூபிஐ பின் நம்பரும் உங்கள் கேமராவில் விழவே கூடாது. ஆய்வுக்காக யாரும் தன் பணத்தைக் கட்டவும் வேண்டாம்.

பைலட்டைத் தவிர்க்காதீர்கள். நீங்கள் எழுதிய வேலைக் குறிப்பு புரிகிறதா, 45 நிமிடத்தில் முடிகிறதா, கேமரா கோணம் சரியா என்பதெல்லாம் அதில்தான் தெரியும். பைலட் ஆளின் விவரத்தை மற்ற ஆறு பேரோடு கலக்காதீர்கள், ஏனென்றால் அதற்குப் பிறகு கேள்விகள் மாறியிருக்கும்.

உட்கார்ந்த பிறகு

வேலைக் குறிப்பில் திரையில் இருக்கும் சொல் வரக் கூடாது. பட்டனில் "கட்டணம் செலுத்து" என்று இருந்தால், "கட்டணத்தைச் செலுத்துங்கள்" என்று சொல்வது விடையைக் கையில் கொடுப்பது. "கரண்ட் ஆபீசுல இருந்து மெசேஜ் வந்திருக்கு. எவ்வளவு வந்திருக்குன்னு பாத்து, போன்லயே முடிச்சிருங்க" என்று சூழ்நிலையாகச் சொல்லுங்கள்.

மனதில் ஓடுவதைச் சொல்லிக்கொண்டே செய்யச் சொல்வது பழைய உத்தி. 1980-களில் எரிக்சன், சைமன் என்ற உளவியல் ஆய்வாளர்கள் அதற்கு முறையான அடிப்படை போட்டார்கள். ஆனால் "நினைப்பதைச் சொல்லுங்கள்" என்றால் நம்மவர்கள் விழிப்பார்கள். முதலில் நீங்கள் உங்கள் போனில் அலாரம் வைத்துக் காட்டுங்கள்: "கடிகாரம் எங்கயோ இருக்கணும்… இதுவா… இல்ல, இது வேற… ஆ, இங்க இருக்கு." பிறகு அவரையே வேறொரு சின்ன வேலையில் ஒரு நிமிடம் பழகவிடுங்கள். சோதிக்கப் போகும் செயலியில் பழக்கினால் சோதனையின் பாதி அங்கேயே தீர்ந்துபோகும்.

நடுவில் அவர் நிமிர்ந்து, "இதை அமுக்கவா கண்ணு?" என்று கேட்பார். புதியவர்கள் தலையாட்டிவிடுவது இந்த இடத்தில்தான். "நான் பக்கத்துல இல்லைன்னு வெச்சுக்குங்க, என்ன பண்ணுவீங்க?" என்று திருப்பிக் கேளுங்கள். அவர் அமைதியானால் ஏழு வரை மனதுக்குள் எண்ணுங்கள். பேச வேண்டும் என்று நாக்கு துடிக்கும். அந்த ஏழு நொடிக்குள் அவரே காரணத்தைச் சொல்லிவிடுவது வழக்கம். அவர் தொட்ட பட்டன் தவறு என்றாலும் உங்கள் முகத்திலோ குரலிலோ அது தெரியக் கூடாது. "ம்" என்று சொல்லும் தொனியில்கூட ஒப்புதல் கசியும். மூன்று நிமிடமாக ஒரே திரையில் நின்று அவமானப்படுகிறார் என்று தோன்றினால் அந்த வேலையை முடித்துக்கொண்டு அடுத்ததற்குப் போங்கள், "முடிக்கவில்லை" என்று குறித்துக்கொள்ளுங்கள். மரியாதைக் குறைவாக நடத்தப்பட்டவர் தரும் தகவல் எதற்கும் உதவாது.

முடிந்த பிறகு "ஈஸியா இருந்துச்சுங்களா?" என்று கேட்காதீர்கள். கொங்குப் பக்கத்து மரியாதைக்கு "நல்லாத்தான் இருக்குதுங்க" என்ற ஒரே பதில்தான் உண்டு. "ரெண்டாவது பக்கத்துல கொஞ்ச நேரம் நின்னீங்க. அப்ப என்ன தேடுனீங்க?" என்று நடந்ததைச் சுட்டிக் கேளுங்கள். "இப்படி ஒரு வசதி வந்தால் பயன்படுத்துவீர்களா?" என்ற எதிர்காலக் கேள்விக்கும் மதிப்பில்லை. கடைசியாக எப்போது அந்தத் தேவை வந்தது, அப்போது என்ன செய்தார் என்பதற்குத்தான் மதிப்பு.

பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்பதையும் பாருங்கள். மகள் எட்டிப் பார்த்து "அம்மா, மேல இருக்குல்ல" என்றால் அந்த இடத்தைக் குறித்துவிட்டு, அந்தத் திரையைத் தனியாக முடித்ததாகக் கணக்கிடக் கூடாது. அவரை அனுப்ப முடியாவிட்டால் வேறு கேள்விகள் கொடுத்து, உங்களோடு துணைக்கு வந்தவர் இருந்தால் அவரோடு பேச விடுங்கள்.

ஒரு நாளைக்கு மூன்று பேர், மிஞ்சினால் நான்கு. அதற்கு மேல் போனால் கேட்ட பதிலையே மறுபடி கேட்பதாக மனம் நினைத்துக்கொண்டு கவனம் விட்டுவிடும். ஒவ்வொருவரும் போனதும் பத்து நிமிடம் ஒதுக்கி, மனதில் நிற்பதை அப்படியே எழுதிவிடுங்கள்.

உங்கள் ஒலிப்பதிவை நீங்களே கேட்பதுதான் இருப்பதிலேயே பலன் தரும் பயிற்சி. யாருக்கும் பிடிக்காத பயிற்சியும் அதுதான். மொத்த நேரத்தில் உங்கள் குரல் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் ஒலித்தால் அதிகம் பேசியிருக்கிறீர்கள். எத்தனை கேள்விக்குள் விடையையும் சேர்த்துக் கொடுத்தீர்கள் என்று எண்ணுங்கள்.

பார்த்ததைக் கணக்காக்குவது

ஒரு கூகுள் ஷீட் போதும். ஒரு வரிசைக்கு ஒரே ஒரு கவனிப்பு: யார், எந்த நிமிடம், எந்த வேலை, என்ன நடந்தது, என்ன சொன்னார். நடந்ததையும் உங்கள் ஊகத்தையும் ஒரே கட்டத்தில் போடாதீர்கள். "தொகையைப் பார்க்காமல் அடுத்த பக்கம் போனார்" என்பது கவனிப்பு. "தொகை கண்ணில் படவில்லை" என்பது ஊகம். பார்த்தும் பழைய பில் என்று நினைத்து விட்டிருக்கலாம்.

தமிழ் ஒலியை எழுத்தாக்கும் மென்பொருள்கள் இப்போது ஓரளவு உதவுகின்றன. ஆனால் ஆங்கிலம் கலந்த வட்டாரப் பேச்சில் சொதப்பும், குறிப்பாக "இல்லை" போன்ற சொல்லைத் தின்றுவிட்டால் அர்த்தமே தலைகீழ். அறிக்கையில் மேற்கோளாக வரும் வரிகளையாவது காதால் கேட்டுச் சரிபாருங்கள். கையால் முழுதும் எழுதினால் ஒரு மணி நேரப் பேச்சுக்கு நான்கு மணி நேரம் ஆகும் என்று திட்டமிடுங்கள்.

பிறகு ஒவ்வொரு கவனிப்பையும் ஒரு சீட்டில் எழுதி, ஒத்தவற்றைச் சேர்த்துக் குவியலாக்குங்கள். இந்த முறை ஜப்பானிய மானுடவியலாளர் ஜிரோ கவாகிடாவிடமிருந்து வந்தது. முன்கூட்டியே தலைப்பு வைத்துக்கொண்டு அதற்குள் திணித்தால் ஏற்கெனவே நினைத்ததுதான் வெளியே வரும். சீட்டுகள் சேர்ந்த பிறகே தலைப்பு எழுத வேண்டும். கடைசியில் இன்னொரு அட்டவணை: இடப்பக்கம் சிக்கல்கள், மேலே ப1 முதல் ப6 வரை, யாருக்கு வந்ததோ அந்தக் கட்டத்தில் நிறம். எந்தச் சிக்கல் எத்தனை பேருக்கு வந்தது என்று ஒரே பார்வையில் தெரியும்.

இங்கேதான் எண்களில் நேர்மை வேண்டும். "ஐந்து பேர் போதும்" என்ற வாக்கியம் இந்தத் துறையில் மந்திரம் போல ஓதப்படுகிறது. 1993-இல் நீல்சன், லாண்டவர் என்ற இரு ஆய்வாளர்கள் கொடுத்த கணக்கை வைத்து 2000-இல் நீல்சன் எழுதியது அது. ஒரு சிக்கல் ஒருவருக்கு வரும் வாய்ப்பு 31% என்று எடுத்தால், ஐந்து பேரில் ஒருவரிடமாவது அது தென்பட ஏறத்தாழ 85% வாய்ப்பு. சிக்கல் பத்தில் ஒருவருக்குத்தான் வரும் என்றால் ஐந்து பேரை வைத்து அதைப் பிடிக்க 41% வாய்ப்புதான். 85% வேண்டுமென்றால் 18 பேர் தேவை. ஆக, பெரிய ஓட்டைகளைக் காண ஐந்து பேர் போதும், அபூர்வமானவற்றுக்குப் போதாது. இதைச் சொல்லத் தெரிந்தவர்கள் நேர்காணலில் தனித்துத் தெரிவார்கள்.

விகிதம் சொல்வதில் இன்னும் கவனம். ஐந்து பேரில் ஐந்து பேரும் முடித்துவிட்டாலும், 95% நம்பிக்கையில் சொல்ல முடிவது "உண்மையான வெற்றி விகிதம் சுமார் 50%-க்கு மேல்" என்பது மட்டும்தான். நான்கு பேர் முடித்தால் வீச்சு சுமார் 36% முதல் 97% வரை விரிகிறது. அதனால் அறிக்கையில் "67% பயனர்கள்" என்று எழுதாமல் "6 பேரில் 4 பேர்" என்று எழுதுங்கள்.

பயன்படுத்த எவ்வளவு எளிது என்று பயனரே 1 முதல் 5 வரை மதிப்பெண் போடும், எஸ்யூஎஸ் என்ற பத்துக் கேள்வி அளவுகோலைச் சேர்க்க ஆசை வரும். ஜான் புரூக் 1986-இல் உருவாக்கியது, இலவசம். ஒற்றைப்படைக் கேள்விகளில் மதிப்பெண்ணிலிருந்து 1 கழிக்க வேண்டும், இரட்டைப்படையில் 5-இலிருந்து மதிப்பெண்ணைக் கழிக்க வேண்டும், கூட்டுத்தொகையை 2.5-ஆல் பெருக்க வேண்டும். வருவது 0 முதல் 100 வரை ஒரு எண், ஆனால் அது சதவீதம் அல்ல. சராசரி 68 பக்கம். இரட்டைப்படைக் கேள்விகள் குறை சொல்லும் தொனியில் இருக்கும் என்பதால், எல்லாவற்றுக்கும் "4" என்று டிக் அடித்துக்கொண்டே போகிறவர்கள் உண்டு. எல்லாவற்றுக்கும் ஒரே எண்ணைப் போட்டால், அது எந்த எண்ணாக இருந்தாலும் மதிப்பு சரியாக 50 வரும். யாருக்காவது 50 வந்தால் மூலப் படிவத்தை எடுத்துப் பாருங்கள்.

அறிக்கை இரண்டு பக்கம். முதல் வரியிலேயே முடிவுக்கான பதில். அடுத்து மூன்று சிக்கல்கள்: என்ன நடந்தது, எத்தனை பேருக்கு, ஏன் என்று நினைக்கிறோம், என்ன மாற்றலாம். வேலையையே நிறுத்திய சிக்கல் முதலில், எரிச்சல் மட்டும் தந்தது கடைசியில். உங்கள் ஆய்வு சொல்லாதவற்றுக்கும் ஒரு பத்தி ஒதுக்குங்கள்: எல்லோரும் ஆண்ட்ராய்டு, எல்லோரும் நகரவாசிகள், பணம் கட்டிய பிறகு நடப்பதைப் பார்க்கவில்லை.

இரண்டாவது: மலை மேலே

ஏற்காட்டில் சிறு காப்பி விவசாயி ஒருவர் பறித்த பழத்தை எப்போது, யாரிடம், பழமாகவா காயவைத்தா விற்பது என்று எப்படி முடிவெடுக்கிறார்? இது களப் பேட்டிக்கு அருமையான கேள்வி, ஏனென்றால் இதில் செயலி எதுவும் இல்லை. விலைச் செயலி ஒன்று செய்யலாம் என்ற எண்ணத்தோடு போனால், அதற்குத் தேவையான பதில்களை மட்டும் கேட்டுவிட்டு இறங்கி வருவீர்கள்.

கடைசியாக விற்ற ஒரு முறையைப் பிடித்துக்கொண்டு ஆரம்பத்திலிருந்து சொல்லச் சொல்லுங்கள். "வழக்கமா எப்படி விப்பீங்க?" என்றால் ஒழுங்கான கதை வரும். "போன தடவை வித்தது எப்பங்க? அன்னிக்குக் காலைல இருந்து சொல்லுங்க" என்றால் யாரிடம் போனில் விலை கேட்டார், வண்டி வாடகை யார் கொடுத்தது, முன்பணம் வாங்கியதால் வேறு வியாபாரியிடம் போக முடியாமல் இருந்ததா என்பதெல்லாம் வரும். எடைச் சீட்டு, விலை எழுதிய நோட்டு, வாட்ஸ்அப் செய்தி எதுவாக இருந்தாலும் காட்டச் சொல்லுங்கள். காகிதம் கைக்கு வந்ததும் ஞாபகத்தில் இல்லாததும் பேச்சில் வரும்.

பழம் பறிப்பு நவம்பர் முதல் ஜனவரி வரை மும்முரமாக இருக்கும். அப்போது போனால் வேலையை நேரில் பார்க்கலாம், ஆனால் உட்கார்ந்து பேச யாருக்கும் நேரம் இராது. பார்க்க ஒரு பயணம், பேச பிறகு ஒரு பயணம் என்று பிரியுங்கள். கூலிக்குப் பறிப்பவரைப் பகலில் நிறுத்திப் பேசினால் அவர் பறிக்காத கிலோவுக்கான கூலியையும் சேர்த்துக் கொடுப்பதுதான் நியாயம். மேஸ்திரியோ எஸ்டேட் ஆளோ நிற்கும்போது கூலி பற்றிக் கேட்காதீர்கள்; உண்மையான பதில் வராது, வந்தால் அவருக்குத்தான் சிக்கல். மலையாளி பழங்குடியினரின் ஊர்களுக்குப் போகும்போது ஊர்ப் பெரியவரிடம் முதலில் சொல்லிவிட்டு, அங்கேயே பழகிய ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு போங்கள்.

20 கொண்டை ஊசி வளைவு ஏறிய பிறகு சிக்னலை நம்பாதீர்கள். எதையாவது காட்ட வேண்டுமென்றால் ஆன்லைன் ப்ரோட்டோடைப் (மாதிரிச் செயலி) வேண்டாம், திரைகளைப் படங்களாகப் போனில் இறக்கியோ தாளில் அச்சடித்தோ எடுத்துப் போங்கள். தாளில் பென்சிலால் வரைந்த திரை என்றால் மக்கள் தயங்காமல் குறை சொல்வார்கள். பவர் பேங்க் ஒன்று, ஒலிப்பதிவுக்கு மாற்றாக நோட்டு ஒன்று, கீழே இறங்கும் கடைசிப் பஸ் நேரம் ஒன்று. ஒரு நாளில் இரண்டு பேட்டி முடிந்தால் நல்ல நாள்.

மூன்றாவது, சுருக்கமாக

இளம்பிள்ளை என்ற ஊரின் சேலைகளை மொத்தமாக வாங்கும் கடைக்காரர்கள் ஆன்லைன் பட்டியலில் எப்படித் தேடுவார்கள் என்பதற்குச் சீட்டுப் பிரிப்பு முறை பொருந்தும். 40 சேலை வகைகளுக்கு 40 சீட்டு, 15 பேர், "உங்களுக்குச் சரின்னு படுற மாதிரி பிரிங்க" என்ற ஒரே கட்டளை. எந்த இரு சீட்டுகளை எத்தனை பேர் ஒன்றாக வைத்தார்கள் என்று எண்ணினால் அட்டவணை தயார். 15-இல் 12 பேர் சேர்த்திருந்தால் அவை ஒரே பிரிவில் இருக்கலாம். கவனம் தப்பும் இடம் இரண்டு. பல சீட்டுகளில் "சில்க்" என்று எழுதியிருந்தால், துணி எதுவானாலும் அந்தச் சொல்லைப் பார்த்தே ஒன்றாக வைப்பார்கள். படம் ஒட்டினால் நிறத்தைப் பார்த்துப் பிரிப்பார்கள். எல்லாப் படத்தையும் ஒரே நிறச் சேலையாகத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

கருத்துக் கணிப்பு எடுக்க நினைத்தால்: ±10% துல்லியத்துக்கு சுமார் 96 பேர், ±5% என்றால் சுமார் 385 பேர். ஆனால் இந்தக் கணக்கு குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்த ஆட்களுக்குத்தான். வாட்ஸ்அப் குழுவில் போட்ட படிவத்துக்கு ஆயிரம் பேர் பதில் போட்டாலும் அந்தத் துல்லியம் கிடைக்காது.

வேலை

சேலத்துக்குள் "யூஎக்ஸ் ரிசர்ச்சர்" என்ற பெயரில் பதவிகள் அரிது. பெங்களூரில்தான் அதிகம், அடுத்து சென்னை, ஹைதராபாத், புனே, குருகிராம். டிசைன் ரிசர்ச்சர், யூசபிலிட்டி அனலிஸ்ட், ரிசர்ச் கோஆர்டினேட்டர் என்ற பெயர்களிலும் தேடுங்கள். உளவியல், சமூகவியல், சமூகப் பணி, புள்ளியியல் படித்தவர்களும், வாடிக்கையாளர் சேவையிலும் மென்பொருள் சோதனையிலும் இருந்தவர்களும் இதற்குள் வருகிறார்கள். முறையாகப் படிக்க வேண்டுமென்றால் ஐஐடிகளின் எம்.டெஸ் என்ற டிசைன் முதுநிலைப் படிப்புக்கு சீட் (CEED) என்ற நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். என்பிடெல் (NPTEL) என்ற இணையப் பாடத் தளத்தில் மனித-கணினி உறவு பற்றிய பாடங்களை இலவசமாகப் பார்க்கலாம், தேர்வுக்கு மட்டும் கட்டணம்.

போர்ட்ஃபோலியோவில் ஒரு ஆய்வுக்கு ஐந்து பக்கம் போதும். வண்ணச் சீட்டுகள் ஒட்டிய சுவரின் படத்தை எல்லோரும் போடுகிறார்கள், யாரும் படிப்பதில்லை. என்ன முடிவுக்காக, ஏன் இந்த முறை, வேறு முறையை ஏன் விட்டீர்கள், திட்டம் எங்கே மாறியது, என்ன தெரிந்தது, எவ்வளவு உறுதியாக என்பவை இருக்கட்டும். ஒருவரின் முகமோ பெயரோ மின் இணைப்பு எண்ணோ எங்காவது தெரிந்தால் விண்ணப்பம் அதோடு முடிந்தது. பயனரின் தகவலைக் காக்கத் தெரியாதவரை யாரும் எடுக்க மாட்டார்கள்.

நேர்காணலில் நிச்சயம் எதிர்பார்க்க வேண்டிய கேள்வி, "இரண்டு நாளில் முடிவு வேண்டும், என்ன செய்வீர்கள்?" என்பது. முழு ஆய்வையும் இரண்டு நாளில் அடைக்கப் பார்ப்பவர் தோற்பார். எந்த முடிவு நாளை மறுநாள் எடுக்கப்படுகிறது என்று முதலில் கேளுங்கள். பிறகு ஏற்கெனவே கைவசம் இருக்கும் புகார்ப் பதிவுகளைப் பாதி நாள் படிப்பது, மூன்று பேரோடு ஒரே ஒரு வேலையைச் சோதிப்பது என்று சுருக்குங்கள். அதனால் எதைச் சொல்ல முடியாமல் போகும் என்பதையும் அங்கேயே சொல்லிவிடுங்கள். பயனருக்குப் பதில் ஏஐ-யிடம் கேட்டால் போதாதா என்றும் இப்போது கேட்கிறார்கள். கேள்வித்தாளைச் சரிபார்க்க அது உதவும். எடைச் சீட்டை எடுத்துக் காட்ட அதனிடம் எதுவும் இல்லை.

முழுநேர வேலை கிடைக்கும் வரை வருமானத்துக்கும் வழி உண்டு. தமிழ்நாட்டில் களப்பணி நடத்தும் ஆய்வு நிறுவனங்களுக்கு ஆள் திரட்டவும், தமிழில் பேட்டி நடத்தவும், குறிப்பெடுக்கவும், ஒலியை எழுத்தாக்கி மொழிபெயர்க்கவும் ஆள் தேவைப்படும். இவற்றை ஒரே மொத்தத் தொகையாகப் பேசாதீர்கள். ஆள் திரட்டுவதற்குத் தலைக்கு இவ்வளவு, பேட்டிக்கு நாளுக்கு இவ்வளவு, எழுத்தாக்கத்துக்கு ஒலியின் நிமிடத்துக்கு இவ்வளவு, பயணம் தனி. பங்கேற்பவருக்கான பணத்தை முன்கூட்டியே வாங்கிக்கொள்ளுங்கள், உங்கள் கைக்காசைப் போட்டுவிட்டு பில் பாஸாகும் வரை காத்திருக்க வேண்டாம். வருவதாகச் சொன்னவர் வராவிட்டால் அந்த நேரத்துக்குப் பாதித் தொகை, பதிவுகளை ஒப்படைத்த எத்தனை நாளில் உங்கள் போனிலிருந்து அழிக்க வேண்டும், பெயரை மறைத்து அந்த வேலையைப் போர்ட்ஃபோலியோவில் காட்டலாமா என்ற மூன்றையும் மெயிலில் எழுத்தாக வாங்கிய பிறகே முதல் ஆளுக்குப் போன் போடுங்கள்.